தீவுக்குப் போன சைக்கிள்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பிறவிக் குணம். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பரதேசிக்குக்கூட ஒரு மடம் உண்டு, இவருக்கு அதுவும் இல்லை என்று கல்யாணமான புதிதிலேயே என் மனைவி சொல்லிவிட்டாள். எனக்கு வாய்த்த வேலையும் அதற்கேற்ற வேலைதான். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குச் சரக்கு அனுப்பும் ஏஜென்சியில் குமாஸ்தா. பெயருக்குத்தான் குமாஸ்தா, நாற்காலியில் உட்கார்ந்த நேரம் குறைவு. வெங்காயம், சிமெண்ட், செங்கல், பீரோ, தையல் மிஷின் என்று லட்சத்தீவுக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் மரத்தோணியில் ஏறும். ஏறுவதை எல்லாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குடோனுக்கும் தோணித்துறைக்கும் எடைமேடைக்கும் பைக்கில் அலைந்துகொண்டே இருப்பேன். அலையாத நாளில் எனக்குத் தூக்கம் வராது.

அந்தத் தோணித்துறையில்தான் போன வருஷம் விழுந்தேன். மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. யாரையோ வைதுகொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, மேலே வானமும் சுற்றிலும் ஆட்களின் முகங்களும். கையில் யாரோ ஒரு லாரி ஸ்பேனரைத் திணித்திருந்தார்கள். வலிப்பு வந்தால் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். வலிப்பா, எனக்கா என்று எழுந்து உட்கார்ந்து அவர்களையே சத்தம் போட்டேன். ரெண்டடி தள்ளி விழுந்திருந்தால் கடல். அதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டாவது தடவை வீட்டில் வந்தது. அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. பாளையங்கோட்டை டாக்டர் தலையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். ஒரு வருஷத்துக்குப் பைக், கார் எதுவும் ஓட்டக் கூடாது, தண்ணீர், நெருப்பு, உயரமான இடம் பக்கம் தனியாகப் போகக் கூடாது என்றார். அது வருவதற்கு முன்னால் உடம்பில் என்ன தெரியும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் தெரியாது சார், விழுந்த பிறகுதான் தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே ஆத்தூரிலிருந்து என் மச்சினன் வந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மனைவிதான் வரச் சொல்லியிருக்கிறாள். சாவியை என் கண் முன்னாலேயே கொடுத்தாள். நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாத குறையாக வைத்திருந்த வண்டி. தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கிளச்சைப் பிடித்துப் பிடித்து ஓட்டினான். வயிறு எரிந்தது.

அதைவிட வயிற்றெரிச்சல், நான் ஆபீஸ் போக அவள் செய்த ஏற்பாடு. எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் ஆட்டோ கடற்கரைச் சாலை வழியாகத்தான் போகும். அந்த டிரைவரிடம் மாதக் கணக்குப் பேசிவிட்டாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நடுவில், மடியில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு டிபன் பையும் வைத்துக்கொண்டு, ஐம்பது வயதுக்காரன் நான் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் இறங்கும்போது பிள்ளைகள் எல்லாம் டாட்டா காட்டுவார்கள். எதிர் டீக்கடையில் நிற்கிறவர்களும் காட்டுவார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்தபடியே படியேறிவிடுவேன்.

ஆபீசில் முதலாளி என்னை மேஜையோடு கட்டிப்போட்டார். மனுஷன் தங்கமானவர். ஆனால் தோணித்துறைப் பக்கம் போனால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். போன் எடுப்பதும் மெயில் அனுப்புவதும் என் வேலையாகின. தீவிலிருந்து கடைக்காரர்கள் கூப்பிட்டுச் சரக்கு என்னாயிற்று என்று கேட்பார்கள். கிளம்பிவிட்டது, வந்துகொண்டே இருக்கிறது என்பேன். கிளம்பியதா என்று எனக்கே தெரியாது. நான் எங்கே பார்த்தேன்? முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாற்காலியின் ஒரு சக்கரமே தேய்ந்துபோனது.

அப்போதுதான் சைக்கிள் யோசனை வந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அனுப்பக் கூடாத சரக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் பெயர் இல்லாத எதையும் தாராளமாக அனுப்பலாம். போய் யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் காரியம் கெட்டது. கேட்டவனுக்குத்தான் புதுசாக ஒரு ஆட்சேபணை முளைக்கும். டாக்டர் சொன்னதை நான் அப்படித்தான் படித்தேன். பைக் கூடாது என்றார், கார் கூடாது என்றார். சைக்கிளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆகவே சைக்கிள் ஓட்டலாம். இதை வீட்டில் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

ஊரில் சைக்கிள் கடைக்கா பஞ்சம்? ஆனால் எந்தக் கடையில் ஏறி எதைத் தொட்டுப் பார்த்தாலும், நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். உலை வாயை மூடினாலும் எங்கள் ஊர் வாயை மூட முடியாது. அதனால் போனில் தேடினேன். ஆன்லைனில் இருக்கிற சைக்கிளுக்கெல்லாம் இமயமலை ஏறப்போகிறவர்கள் மாதிரி படம் போட்டிருந்தார்கள். நான் பார்த்தது கியர் இல்லாத, கையைக் கடிக்காத நீல நிறச் சைக்கிள். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, மணிகூடக் கிடையாது. முக்கால்வாசி பூட்டித்தான் வரும், மீதியை நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று நினைத்துக்கொண்டே பட்டனை அமுக்கினேன். முகவரி என்று கேட்ட இடத்தில் வீட்டைக் கொடுக்க முடியாது. ஆபீசையும் கொடுக்க முடியாது. முதலாளி பார்த்தால் என் வீட்டுக்குப் போன் போடுவார். பழைய துறைமுகத்தில் இருக்கும் எங்கள் குடோனைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் போனுக்கும் எனக்கும் ஓய்வு இல்லை. சைக்கிள் டெல்லிப் பக்கம் ஏதோ ஊரில் கிளம்பியது. நாக்பூரில் நின்றது. நாக்பூரில் என்னதான் செய்தார்களோ, நின்றது நின்றபடியே நின்றது. கஸ்டமர் கேரில் ஒரு பெண் பேசினாள். கிளம்பிவிட்டது சார், வந்துகொண்டே இருக்கிறது என்றாள். நான் தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிற பொய்யை எனக்கே சொல்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. அம்மா, நானும் இதே பிழைப்புத்தான் பிழைக்கிறேன், உண்மையைச் சொல் என்றேன். சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அது வந்து சேர்ந்த நாளாகப் பார்த்து நான் ஊரில் இல்லை. பாளையங்கோட்டையில் டாக்டர் அறை வாசலில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டெலிவரிப் பையன் கூப்பிட்டு, குடோன் வாசலில் நிற்கிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்கிறான். நான் ஆபீஸ் விஷயம் பேசுகிற குரலில் நம்பரைச் சொல்லி, சரக்கை உள்ளே இறக்கி வை, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். மனைவி ஏறிட்டுப் பார்த்தாள். லீவு போட்ட நாளில்கூட விடமாட்டார்களா என்று கேட்டாள். என்ன செய்ய, நம்மை விட்டால் அவர்களுக்கு ஆள் ஏது என்று சொன்னேன். மனசுக்குள் ஒரே குதியாட்டம். அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதே எனக்குக் காதில் ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் முதலாளி சாப்பாட்டுத் தூக்கத்துக்கு வீட்டுக்குப் போனதும் நைசாகக் குடோனுக்கு நடந்தேன். குடோன் காலி. துடைத்துவிட்டது மாதிரி காலி. தோணி விடியுமுன் கிளம்பிப் போயிருந்தது. என் அட்டைப் பெட்டி எங்கே என்று சுமை ஏற்றுகிறவரிடம் கேட்டேன். சைக்கிள் பெட்டிதானே, அது போயிட்டே என்றார். நான் விழித்தேன். அவர் விளக்கமாகச் சொன்னார். தீவில் ஒரு கடைக்காரர் வாடகைக்கு விடுவதற்காகச் சைக்கிள் சொல்லியிருந்தார், அந்தப் பெட்டிகளும் குடோனில் இருந்தன. இதுவும் அதோடு சேர்ந்ததுதான் என்று தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் குடோனுக்குள் வந்து விழுகிற எந்தச் சாமானும் தீவுக்குத்தான். அந்த விதியை இருபது வருஷமாக அவர்களுக்குத் தொண்டை கிழியக் கத்திப் புகட்டியவன் நான். குடோனில் கிடக்கிறது ஒன்றுவிடாமல் ஏறணும்லே என்று நான் போட்ட சத்தம் இன்னும் அந்தச் சுவர்களில்தான் இருக்கும்.

கரையைத் தாண்டினால் தோணித் தண்டலுக்குப் போன் எடுக்காது. தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிறவர். தீவுக் கடைக்காரரைப் பிடித்தேன். ஒரு பெட்டி கூடுதலாக வந்தால் அது என்னுடையது, அதே தோணியில் திருப்பி ஏற்றிவிடுங்கள், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். அவர் தாராளமாகச் சரி என்றார். ஆனால் தோணி உடனே திரும்பாது. திரும்பும்போது கொப்பரை ஏற்ற வேண்டும். கொப்பரை காய வேண்டும். காற்று ஒத்துவர வேண்டும். எப்போது வரும் என்பது தண்டலுக்கும் தெரியாது, கடலுக்கும் தெரியாது.

தோணி வந்தால் துறைமுகத்திலிருந்து ஆபீசுக்குப் போன் வரும். அதை எடுக்கிறவனே நான்தான். ஆனாலும் எனக்குக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதனால் தினமும் மத்தியானம் முதலாளி தலை மறைந்ததும் தோணித்துறைக்கு நடக்க ஆரம்பித்தேன். டீக்கடை, அப்புறம் நைலான் வலை விற்கிற கடை, அப்புறம் ஐஸ் கம்பெனி, அதைத் தாண்டினால் துறை. விழுந்த நாளிலிருந்து துறைவரை நான் தனியாக நடந்தது அதுதான் முதல் தடவை. முதல் நாள் வலைக்கடை வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் அவ்வளவு இல்லை. அப்புறம் கையை வீசி நடந்தேன். தோணி வந்திருக்காது. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து மனசுக்குள் திட்டிவிட்டுத் திரும்புவேன். உண்மையைச் சொன்னால் தோணி வராதது நல்லதாகக்கூட இருந்தது.

வழியில் எனக்குக் கிடைத்த மரியாதையும் ஒரு காரணம். டீக்கடை அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். நான் தாண்டும்போது வலைக்கடைக்காரர் எழுந்து நிற்பார். ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் போனும் கையுமாக வாசலுக்கே வந்து வணக்கம் போடுவார். முன்பு பைக்கில் போகும்போது இவர்களில் ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆள் கீழே விழுந்து எழுந்தால்தான் அருமை தெரிகிறது என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு நடந்தேன்.

ஒருநாள் திரும்பும் வழியில் லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. பின்பக்கச் சந்து வழியாக வந்தேன். அங்கே ஒரு பழைய தோணியைக் கரையில் ஏற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியில் நல்ல நிழல். கொஞ்சம் உட்கார்ந்தேன். பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. திடீரென்று ரோட்டுப் பக்கம் ஒரே சத்தம். வலைக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். வாட்ச்மேன் எதிர்ப்பக்கம் ஓடுகிறார். டீக்கடை அண்ணாச்சி மொபெட்டில் வந்து, தண்ணிப் பக்கம் பாருங்க, தண்ணிப் பக்கம் பாருங்க என்று கத்துகிறார். யாரோ கடலில் விழுந்துவிட்டான்போல என்று எனக்கும் பதறியது. எழுந்து ஓடி வலைக்கடைக்காரரை மறித்தேன்.

"யாரத் தேடுதிய?" என்றேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்களத்தான் அண்ணாச்சி" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் பள்ளிக்கூட ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பிள்ளைகள். பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து என் மனைவி இறங்கினாள். காலில் செருப்பு இல்லை. தார் ரோடு கொதிக்கிற நேரம். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். டீக்கடை அண்ணாச்சிதான் மெதுவாகச் சொன்னார். நான் வலைக்கடையைத் தாண்டினால் ஒரு மிஸ்டு கால், ஐஸ் கம்பெனியைத் தாண்டினால் ஒரு மிஸ்டு கால், திரும்பும்போதும் அப்படியே. என் மனைவி ஒவ்வொருத்தரிடமும் நேரில் வந்து கேட்டுக்கொண்டு போயிருக்கிறாளாம். அன்றைக்குத் திரும்பும்போது வரவேண்டிய மிஸ்டு கால் வரவில்லை.

பிள்ளைகள் இருந்ததால் ஆட்டோவில் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்தியதும் பொங்கிவிட்டது. மரியாதை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நடந்த அத்தனை நாளும் கண் முன்னால் வந்து சிரித்தன. ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே, கடை கடையாக ஏறி இறங்கி என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்தினேன்.

"என்னய என்ன கண்டெய்னர்னு நெனச்சியாளா? கேட்டுக்குக் கேட்டு என்ட்ரி போட்டுட்டு இருக்கே" என்றேன்.

அவள் குனிந்து உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கொப்புளம் போட்டிருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினாள். சத்தம் போடவில்லை.

"நீங்க துறையில விழுந்தத நான் பாக்கல. வீட்டுல விழுந்தத நான் மட்டுந்தான் பாத்தேன். கண்ணு ரெண்டும் மேல போயிட்டு. இத்தன வருசத்துல ஒங்க பேர நான் வாயால சொன்னதில்ல. அன்னைக்குப் பேரச் சொல்லிக் கத்துனேன். ஒங்களுக்குக் கேக்கல."

அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வாள். அதைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், நான் வாயில் நுரையோடு கிடந்திருக்கிறேன். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தண்ணீர் எடுத்துவந்து அவள் காலில் ஊற்றினேன். ஊற்றத் தெரியாமல் தரையெல்லாம் ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அப்படித் தினம் அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆன்லைன், நாக்பூர், ஓ.டி.பி., தோணி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாளையங்கோட்டையில் பேசிய பேச்சு அதுதானா என்றாள். ஆமாம் என்றேன். என்ன கலர் என்று கேட்டாள். நீலம் என்றேன். அதற்குமேல் அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் நானாகவே, சைக்கிள் ஓட்டலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோமா என்றேன். அவள் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பதில் சொன்னாள்.

"கேக்க வேண்டாம். கேட்டா வேண்டாம்னுருவாரு. அப்புறம் நீங்க உக்காந்தே செத்துருவிய."

அன்றைக்கே அவள் மூன்று பேருக்கும் போன் போட்டு, இனிமேல் பார்க்க வேண்டாம், கால் கொடுக்க வேண்டாம், இதுவரை பார்த்ததற்குப் புண்ணியம் என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள். பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனாள். அன்று மத்தியானம் நான் துறைக்கு நடந்தபோது வலைக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வாசலில் இல்லை. எனக்கு ஜெயித்த மாதிரியும் இருந்தது, ஏதோ கைவிட்டுப்போன மாதிரியும் இருந்தது. அந்த எரிச்சலில் வேகமாக நடந்தேன்.

தோணி ஒருவழியாக வந்தது. கொப்பரை வாசம் துறை முழுக்க அடித்தது. எட்டிப் பார்த்தால் மேல்தட்டில் பெட்டியைக் காணோம். முழுசாகப் பூட்டின சைக்கிள் ஒன்று பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. தண்டல் சிரித்துக்கொண்டே இறங்கினார். போகும்போதே அலை அடித்துப் பெட்டி ஊறிப் பிய்ந்துவிட்டதாம், உதிரி சாமான் கடலில் விழுந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்களாம். பூட்டினால் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? கொப்பரை காய்கிற வரைக்கும் தோணிக்காரர்கள் அத்தனை பேரும் தீவில் அதில்தான் சுற்றியிருக்கிறார்கள்.

எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. நான் கனவில் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளை இவர்கள் நிஜத்தில் ஓட்டியிருக்கிறார்கள். எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. தீவுதான் பத்தாது. ஏறி நாலு மிதி மிதிச்சா அந்தப் பக்கத்துக் கடல் வந்துருது" என்றார் தண்டல்.

செயின் முழுக்கத் துரு. ரிம் விளிம்பில் உப்பு பூத்திருந்தது. சீட்டில் மீன் வாடை. புதுச் சைக்கிள் வாங்கிப் பழைய சைக்கிளாக டெலிவரி எடுத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். மனைவி வாசலுக்கு வந்து ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து செயினுக்கு விட்டாள். தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, பிசுக்குப் பிடிக்கும் என்று சண்டைக்குப் போனேன். விடட்டும் என்று பிறகு பேசாமல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் எடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் எனக்கு வீம்பு. கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்பவே இல்லை. டீக்கடை, வலைக்கடை, ஐஸ் கம்பெனி ஒன்றும் இல்லாத வழியாகப் போக வேண்டும். ஊரைத் தாண்டி உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் விட்டேன்.

அடடா, என்ன சுகம். காற்று சட்டைக்குள் புகுந்து புறப்பட்டது. மிதிக்க மிதிக்க இரண்டு பக்கமும் பாத்திகள் பின்னால் ஓடின. அன்றைக்கு உப்பு வாருகிற ஆட்கள் இல்லை. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன, அவ்வளவுதான். ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. வாய்விட்டு என்னத்தையோ பாடினேன். ஒரு வருஷமாகக் கட்டிக் கிடந்த கால்கள் இரண்டும் எனக்கு நன்றி சொல்லியிருக்கும்.

பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். வெள்ளை உப்பு அம்பாரத்தில் வெயில் பட்டுக் கண் கூசியது. கண்ணை மூடித் திறந்தேன். கூச்சம் போகவில்லை. இடது கை விரல்களில் ஏதோ குறுகுறுவென்று ஓடியது. ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததாலா, இல்லை அதுதானா? அது வருமுன் எப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியாதே. காலை ஊன்றி இறங்கிவிட்டேன். சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு ரோட்டு நடுவில் உட்கார்ந்தேன். ஓரத்தில் உட்காரப் பயம். ஓரத்தில் பாத்தி. பாத்தியில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். முகம் குப்புற விழுகிறவனுக்கு அது போதும். முன்னும் பின்னும் பார்த்தேன். எழுந்து நிற்கிற கடைக்காரர் யாரும் இல்லை. இங்கே நான் விழுந்தால் என் பெயரைச் சொல்லிக் கத்தக்கூட ஒருத்தர் இல்லை.

கொஞ்ச நேரத்தில் விரல் சரியானது. கண்ணும் தெளிந்தது. ஒன்றும் வரவில்லை. ஏறிப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் போனை எடுத்தேன். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"இங்கன உப்பளத்துல இருக்கேன். பாலந்தாண்டி" என்றேன்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. ஏளா, பயமா இருக்கு."

அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்கும்தான்" என்றாள். "ஏறாதிய. தள்ளிட்டே வாங்க. போன வச்சிராதிய."

ஒரு கையில் போன், ஒரு கையில் சைக்கிள். ஊரைப் பார்த்துத் தள்ள ஆரம்பித்தேன். பாலத்துக்கு வரும்போது, அவள் வீட்டுக் கதவை இழுத்துப் பூட்டுகிற சத்தம் போனில் கேட்டது.